மேற்குப் பார்த்த கார் ஷெட்டில் ஒரு பட்டறை: கோவை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக் கார் ஷெட்டைப் பட்டறையாக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்தான் முதலில் கைவைக்கிறார்கள். கருவிகள் வரிசையாகத் தொங்கும் சுவர்ப்பலகை, கனமான வேலை மேசை, சக்கரம் வைத்த அலமாரி ஆகியவை எல்லாருக்கும் பிடித்துப்போகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் அந்த அறையில் ஒருவர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்று வேலை செய்ய முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை கூரையின் சூடு, மின்கம்பியின் தடிமன், வெளிச்சம் விழும் திசை, தூசி வெளியேறும் வழி ஆகிய நான்கும்தான். மேசையில் தொடங்கியதால் முடங்கிப்போன ஒரு பட்டறையையும், கூரையிலிருந்து மறுபடி தொடங்கியபோது அது இயங்கத் தொடங்கிய விதத்தையும் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது.

இடமும் தேவையும்

கோயம்புத்தூரின் மேற்குப் புறநகரில் 1990களில் கட்டப்பட்ட தனி வீடு அது. வீட்டோடு ஒட்டிய கார் ஷெட் 10 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்டது. மூன்று பக்கமும் பூசிய செங்கல் சுவர்; மேற்கே தெருவைப் பார்த்து ரோலிங் ஷட்டர்; மேலே இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மீது சிமென்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரை முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் சராசரி உயரம் 9 அடி எனக் கொள்ளலாம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முக்காலி, பலகை, பேரப்பிள்ளைகளுக்கான மரப்பொம்மை, வீட்டில் ஆடும் நாற்காலிகளைச் சரிசெய்வது, எப்போதாவது கொஞ்சம் இரும்பு வேலை ஆகியவை அவருடைய தேவைகள். வேலை ஏறத்தாழ முழுதும் அவர் கையால் நடந்தது. அளந்து கணக்குப் போட்டுக் கொடுத்தது மட்டுமே என் பங்கு.

காரை நிரந்தரமாகத் தெருவில் நிறுத்த அவருக்கு மனமில்லை. ஆகவே பகலில் பட்டறை, இரவில் கார் என்பது தொடக்கத்திலேயே முடிவான நிபந்தனை. இந்த நிபந்தனைதான் எல்லா அளவுகளையும் நிர்ணயித்தது. அவருடைய சிறிய காரின் அகலம் 165 செ.மீ. அளவில் இருக்கும், அறையின் அகலம் 305 செ.மீ. மிஞ்சும் 140 செ.மீட்டரில் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க 70 செ.மீ. ஒதுக்கிவிட்டால், பக்கச் சுவர்களில் ஓரடிக்கு மேல் ஆழமான எதையும் பொருத்த முடியாது. நீளவாக்கில் காருக்குப் பன்னிரண்டரை அடி போனால் பின்சுவரை ஒட்டி ஐந்தரை அடி கிடைக்கும். எனவே நிலையான மேசை பின்சுவரில், அறுக்கும் இயந்திரம் சக்கரத்தில், பக்கச் சுவர்களில் ஆழமில்லாத தாங்கிகள் என்ற ஏற்பாட்டைத் தவிர வேறு வழியில்லை. நாளிதழ்த் தாளைக் காரின் அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டி, அதைச் சுற்றி நடந்து பார்த்த பிறகே இது உறுதி செய்யப்பட்டது. காகிதத்தில் வரைந்த எந்த வரைபடமும் கதவு திறக்கும் வளைவை அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

முதல் முயற்சி ஏன் நின்றது

முதலில் மேசை வந்தது. அடுத்து ஓட்டையிட்ட ஹார்டுபோர்டில் கருவிச் சுவர் வந்தது. பிறகு 1,600 வாட் டேபிள் சா, அதாவது மேசை ரம்பம் வந்தது. சில வாரங்களில் வேலை நின்றுபோனது. பகல் பதினொன்றுக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. இயந்திரத்தை இயக்கும்போதெல்லாம் பிரேக்கர் விழுந்தது. பென்சில் கோடு தெரியாமல் அறுப்புகள் விலகிப்போயின. மரத்தூள் இடைக்கதவு வழியாகச் சமையலறை வரை போனது. வீட்டுக்குள் எழுந்த எதிர்ப்பு இந்தக் கடைசிக் காரணத்தால்தான். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய தொல்லையாகத் தெரிந்தாலும், நான்கும் சேர்ந்தபோது வேலைக்கு உட்காரும் விருப்பமே போய்விட்டது. மேசையையும் பலகையையும் எவ்வளவு திருத்தினாலும் இந்த நான்கில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கூரை

வெப்பத்துக்கு அவர் முதலில் செய்தது மின்விசிறி வைத்தது. பயனில்லை. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் கிடைத்தளத்தில் 1,000 வாட்டுக்கு நெருக்கமான வெயில் விழுகிறது. பாசி படிந்து கறுத்த பழைய சிமென்ட் ஷீட் அதன் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. சூடேறிய ஷீட் காற்றை மட்டும் சூடாக்குவதில்லை. கதிர்வீச்சாக நேரே நம் தலையிலும் தோளிலும் இறக்குகிறது. 60 பாகை செல்சியஸில் உள்ள ஒரு பரப்பு, 40 பாகையில் உள்ள பரப்பைவிடச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட் கூடுதலாகக் கதிர்வீசும். அறையின் பரப்பு 16.7 சதுர மீட்டர். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இந்தக் கதிர்வீச்சைத் தடுக்க முடியாது; சூடான காற்றையே திரும்பத் திரும்ப முகத்தில் அடிக்கத்தான் முடியும். ஆகவே ஷீட் சூடேறாமல் பார்க்க வேண்டும், அதோடு ஷீட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும்.

இந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் எல்லா வகைகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உடையாமல், தேயாமல், மேலே கிடக்கும் ஷீட்டால் வரும் ஆபத்து குறைவு. அதைத் துளையிடுவது, அறுப்பது, கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்ப்பது, அழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவுவது ஆகியவைதாம் இழைகளைக் காற்றில் கிளப்பிவிடுபவை. விளக்கு மாட்ட, கொக்கி மாட்ட, சுழலும் காற்றுப்போக்கி பொருத்த என்று ஷீட்டில் துளை போடுவது நம் ஊரில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அது நிறுத்தப்பட வேண்டிய பழக்கம். கூரைமேல் சுழலும் காற்றுப்போக்கி வைக்கும் யோசனை இந்தப் பட்டறையில் கைவிடப்பட்டதும் இதனால்தான். இன்னொரு ஆபத்து உடனடியானது. பழைய சிமென்ட் ஷீட் மனித எடையைத் தாங்காது. அதன் மீது கால் வைத்து உள்ளே விழுந்து உயிரிழப்பவர்கள் உண்டு. கீழே குழாய்ச் சட்டம் ஓடும் இடங்களின் மீது குறுக்கே நீளப் பலகை போட்டு, பலகையில் மட்டுமே நகர வேண்டும். இந்த ஒரு வேலைக்கு வீட்டுக்காரர் தாம் ஏறாமல் கூரை வேலை பழகிய ஆளை வைத்தார். தன் கையால் செய்வதில் ஆர்வமுள்ளவர் எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஷீட்டை நன்றாக நனைத்து, மென்மையான துடைப்பத்தால் பாசியை வழித்தெடுத்து, காய்ந்த பின் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடிக்கப்பட்டது. புதிதாக அடித்த தரமான வெள்ளைப் பூச்சு வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். தூசி படியப் படிய அது குறையும் என்பதால் பங்குனிக்கு முன் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவுவது கூரைப் பராமரிப்பில் சேர்ந்துவிட்டது. உட்புறம் ஷீட்டைத் தொடாமல், இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு ரீப்பர் கட்டைகளைப் பொருத்தி, அதில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப்பாய் இழுத்துக் கட்டப்பட்டது. பளபளக்கும் முகம் மேலே ஷீட்டைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் அலுமினியத்தின் பயன் பெரும்பாலும் போய்விடும், ஏனெனில் அது தடுப்பது கதிர்வீச்சைத்தான், தொட்டுக் கடத்தும் சூட்டை அல்ல. இங்கே மூன்று அங்குல இடைவெளி விடப்பட்டு, அதன் இரு முனைகளும் எலி நுழையாத கம்பிவலையோடு திறந்து விடப்பட்டன. சூடான காற்று தாழ்ந்த பின்பக்கத்திலிருந்து உயர்ந்த முன்பக்கம் தானாகவே ஏறி வெளியேறுகிறது.

ஷட்டர் வேறு கதை. மேற்குப் பார்த்த இரும்புத் தகடு பிற்பகல் மூன்றுக்கு மேல் அடுப்புத் தட்டாகிவிடுகிறது. வெளியே ஓரடி தள்ளித் தோட்டப் பச்சை வலை கட்டிப் பார்க்கப்பட்டது. சித்திரையில் அது நன்றாகவே உதவியது. ஆனால் கோவை பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கணவாய் வழியே வரும் காற்று வலையைக் கிழித்து எறிந்துவிட்டது. இப்போது சுருட்டி மேலே கட்டக்கூடிய மூங்கில் தட்டி இருக்கிறது. முழுத் தீர்வு அன்று. பிற்பகல் வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டதுதான் ஷட்டர் பிரச்சினைக்கு உண்மையில் கிடைத்த தீர்வு.

மின்சாரம்

ஷெட்டுக்கு வந்திருந்தது, வராந்தாவின் 5 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து நீட்டிய ஒரு சதுர மி.மீ. கம்பி. மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தூரம். போய்வரும் கம்பியின் நீளம் 40 மீட்டர். அந்தத் தடிமனில் இதன் மின்தடை ஏறத்தாழ முக்கால் ஓம். 1,600 வாட் இயந்திரம் ஓடும்போது 7 ஆம்பியர்தான் இழுக்கிறது. கிளம்பும் கணத்தில் நாலைந்து மடங்கு இழுக்கிறது. 30 ஆம்பியர் என்று வைத்தால் 22 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே கரைந்துபோகும். சதுர மி.மீ. நான்கு உள்ள கம்பியில் அதே கணத்தில் இழப்பு 6 வோல்ட் அளவில் நின்றுவிடும். மோட்டார் திணறுவதும், பிளக் சூடாவதும், ‘மெஷின் மட்டம்’ என்று கடைக்காரரைக் குறை சொல்வதும் பல வீடுகளில் இந்தக் கம்பியிலிருந்தே தொடங்குகின்றன.

பிரேக்கர் விழுந்ததற்குக் காரணம் வேறு. பழைய பிரேக்கர் (எம்.சி.பி.) 6 ஆம்பியர், பி வகை. அது தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும் இயல்புடையது, அதாவது 18 முதல் 30 ஆம்பியருக்குள். மோட்டாரின் கிளம்பு மின்னோட்டம் சரியாக அந்த எல்லையில் வந்து நின்றது. ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும் சி வகைதான் மோட்டாருக்குப் பொருந்தும். ஆனால் கம்பியை மாற்றாமல் பெரிய பிரேக்கரை மட்டும் போடுவது மிக மோசமான வேலை. பிரேக்கர் காப்பது இயந்திரத்தை அன்று, சுவருக்குள் ஓடும் கம்பியை. மெல்லிய கம்பிக்குப் பெரிய பிரேக்கர் போட்டால் பிரேக்கர் விழுவதற்கு முன் கம்பி எரியும்.

புதிய ஏற்பாட்டில் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, எர்த் கம்பியோடு, தனி வரிசையாக வந்தது. ஷெட்டுக்குள் ஒரு சிறிய பெட்டி. அதில் 16 ஆம்பியர் பாயின்ட்டுகளுக்கு சி வகைப் பிரேக்கர்களும், மனித உடல் வழியே மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் உள்ளன. விளக்குகள் மட்டும் இந்தப் பெட்டியைச் சேராமல் வீட்டு விளக்கு வரிசையிலிருந்து தனியே எடுக்கப்பட்டன. அறுக்கும்போது இயந்திர வரிசை விழுந்தால் மோட்டார் நின்றாலும் ரம்பம் சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நொடிகளில் அறை இருண்டுவிடக் கூடாது. பட்டறைக்குப் புதிதாக வயரிங் செய்கிறவர்கள் பலரும் தவறவிடும் இடம் இது. பைப்புக்குச் சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, பெட்டி பொருத்துவது ஆகியவற்றை வீட்டுக்காரர் செய்தார்; கம்பி இழுத்து இணைப்புக் கொடுத்து எர்த்தைச் சோதித்தவர் உரிமம் பெற்ற கம்பியாளர். பாயின்ட்டுகள் நான்கடி உயரத்தில் வைக்கப்பட்டதால் மேசைக்கு மேலேயே கைக்கு எட்டுகின்றன. சாய்த்து வைத்த பிளைவுட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.

மின்தடை வந்து திரும்பும்போது இயந்திரம் தானாகக் கிளம்புவதைத் தடுப்பது அடுத்த கவலை. சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே இருக்க, மின்சாரம் போனதும் வேலையை விட்டு எழுந்து போகிறவர், அரை மணி கழித்து ரம்பம் தானே சுற்றத் தொடங்கும்போது அதன் பக்கத்தில் நிற்கக்கூடும். இதற்கு வெளிநாட்டுச் சுவிட்ச் எதையும் தேட வேண்டியதில்லை. நம் கிணற்றுப் பம்ப்செட்டின் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில் செய்வதும் இதே வேலைதான்: மின்சாரம் போனால் விடுபட்டுவிடும், திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். விவசாயிகள் பலர் இரவில் எழுந்துபோகச் சோம்பி அதை ‘ஆட்டோ’வாக மாற்றிவிடுவது தெரிந்த சங்கதி, பட்டறையில் அந்தக் குறுக்குவழிக்கு இடமில்லை. ஒற்றை முனை இணைப்புக்கு உரிய, ஓவர்லோடு ரிலே மோட்டாரின் மின்னோட்டத்துக்குப் பொருந்துகிற ஸ்டார்ட்டர் ஒன்று மேசை ரம்பத்தின் அடிப்பெட்டியில், முழங்காலால் சிவப்புப் பொத்தானைத் தட்டக்கூடிய உயரத்தில் பொருத்தப்பட்டது. வீட்டு இன்வெர்ட்டரை ஷெட்டின் இயந்திர பாயின்ட்டுகளோடு இணைக்கவில்லை.

வெளிச்சம்

நடுக்கூரையில் ஒரே ஒரு பழைய 40 வாட் டியூப்லைட் இருந்தது. மேசை பின்சுவரில் இருப்பதால், வேலை செய்பவர் தன் நிழலிலேயே வேலை செய்தார். பென்சில் கோடு தெரியாததற்குக் கண்ணாடியின் பவர் காரணமன்று. தச்சு மேசை வேலைக்கு 300 லக்ஸ், மர இயந்திரங்களுக்கு 500 லக்ஸ் என்பது சர்வதேச ஒளியூட்டல் தரம். லூமன் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். 16.7 சதுர மீட்டரை 500 லக்ஸால் பெருக்கினால் 8,350 லூமன். சுவரும் தூசியும் விழுங்குவதற்காக அதில் அறுபது விழுக்காடே பயன்படும் என்று வைத்தால் ஏறத்தாழ 14,000 லூமன் வேண்டும். 20 வாட் எல்.இ.டி. பேட்டன் ஒன்று 2,000 லூமன் தரும் என்றால் ஏழு வேண்டும். ஆறு போட்டு, மேசைக்கு நேர்மேலே, நிற்பவரின் தலைக்கு முன்னால் விழும்படி ஒரு தனி விளக்கு வைக்கப்பட்டது. ஆறும் நடுவில் ஒரே வரிசையாக இல்லாமல் இரு பக்கச் சுவர்களை ஒட்டி மூன்று மூன்றாக ஓடுவதால் ஒரு பக்க நிழலை மறுபக்கம் அழித்துவிடுகிறது. சுவர்களுக்கு வெள்ளையடித்தது இன்னொரு விளக்கு போட்டதற்குச் சமம்.

சோக் வைத்த பழைய டியூப்லைட்டை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. சில வேகங்களில் சுழலும் ரம்பமோ டிரில்லோ அந்த ஒளியில் நின்றுவிட்டதுபோல் தோன்றலாம். மலிவான எல்.இ.டி.களிலும் இதே குறை இருக்கிறது. செல்பேசியின் மெதுவோட்டப் படப்பதிவில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் சிமிட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். கடையிலேயே பார்த்து வாங்கலாம்.

தூசியும் சத்தமும்

மரத்தூசியைப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டின் தன் மதிப்பீட்டில் முதல் பிரிவில் வைத்தது. தேக்கும் வேம்பும் இழைக்கும்போது மூக்கும் கண்ணும் எரிவது பலருக்கு அனுபவம். தரையில் விழும் சீவலால் தொல்லை இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதக்கும் நுண்தூள்தான் நுரையீரல் வரை போகிறது. ஆகவே தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது முதல் வேலை. ரம்பத்தின் அடியில் உள்ள தூசிவாயை வாக்குவம் கிளீனரோடு இணைத்து, நடுவே கூம்பு வடிவச் சுழல்பிரிப்பானைப் பழைய பெயின்ட் டப்பாவின் மூடியில் பொருத்தியதும், கனமான தூள் டப்பாவில் இறங்கி, கிளீனரின் வடிகட்டி அடைபடுவது வெகுவாகக் குறைந்தது. தப்பிப் போனதை வெளியேற்றப் பின்சுவரின் உயரத்தில் 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி வைக்கப்பட்டது. அறையின் கன அளவு 46 கன மீட்டர். மணிக்கு 1,000 கன மீட்டர் தள்ளும் விசிறி அதை மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை மாற்ற வேண்டும். அதுவும் ஷட்டரை ஓரடி தூக்கி விட்டால்தான். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகும் இடைக்கதவின் கீழ் ரப்பர் பட்டை ஒட்டியதும் சமையலறைப் புகார் நின்றது. உப்புத்தாள் தேய்க்கும்போதும், குப்பை கூட்டும்போதும் என்95 முகக்கவசம் கட்டாயம். கூட்டுவதற்கு முன் ஈர மரத்தூளைத் தூவிவிட்டால் தூசி பறக்காது. பழைய ஆசாரிகள் இதை யாரும் சொல்லாமலே செய்வார்கள்.

ஷட்டரைத் திறந்தால் சத்தம் தெருவுக்குப் போகும், மூடினால் தூசியும் சூடும் உள்ளே நிற்கும். இந்த முரண்பாட்டுக்குத் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வைக்கின்றன. ரம்பமும் கிரைண்டரும் பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபலை எட்டும். அடுத்த வீட்டாரிடம் முன்கூட்டிப் பேசி, அறுப்பு வேலை முழுவதையும் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே அடக்கிக்கொள்வது என்று முடிவானது. செதுக்குவது, ஒட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் மற்ற நேரத்துக்கு.

தரை, மேசை, சுவர்

கார் கழுவிய தண்ணீர் வெளியே ஓடத் தரைக்கு மூன்று அங்குலச் சரிவு இருந்தது. பூட்டில்லாத சக்கரம் வைத்த இயந்திரம் ஷட்டரை நோக்கித் தானாக நகரும். எனவே நான்கிலும் பூட்டுள்ள சக்கரங்களே வாங்கப்பட்டன. மேசைக் கால்களின் அடியில் நட்டைப் பதித்துப் போல்ட்டைத் திருகி மட்டம் பிடிக்கும்படி செய்யப்பட்டது. பளபளக்கும் எபாக்சித் தரைக்கு அவருக்கு ஆசை. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்தபோது அடியில் நீர் முத்துக்கள் கோத்திருந்தன. கீழிருந்து ஈரம் ஏறும் தரையில் எபாக்சி கொப்பளித்து உரியும். அந்தப் பணம் மிச்சமானது. பள்ளங்களைச் சிமென்ட் கொண்டு அடைத்ததோடு சரி. மேசை முன் நிற்கும் இடத்தில் மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் தடித்த ரப்பர் பாய் போடப்பட்டிருக்கிறது. கால்வலிக்காகத் தனியே விற்கும் பாய்களைவிட அது மலிவு, உழைக்கவும் செய்யும். தவறி விழும் உளியின் முனையும் தப்புகிறது.

மேசைப் பலகை, இரண்டு 19 மி.மீ. பிளைவுட்டை ஒட்டித் திருகியது. கால்கள், இடித்த பழைய வீட்டின் தேக்கு உத்தரத்திலிருந்து அறுத்தவை. பழைய மரத்தில் தலையொடிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் ரம்பத்தில் கொடுக்கக் கூடாது. உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு வரும் மட்டம். அவருக்கு அது 33 அங்குலம். இழைப்புளி தள்ள இன்னும் சற்றுத் தாழ்வாக இருந்தால் நல்லது. ஆனால் நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, கால் விரலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு செய்யும் நுண்வேலைக்கு எந்த மேசையும் ஈடாகாது என்பதால், செதுக்கு வேலைக்கு ஒரு தாழ்ந்த பலகை தனியே வைத்திருக்கிறார். மேசையின் பின்விளிம்பு இரும்பு ஆங்கிளால் சுவரோடு இறுக்கப்பட்டிருப்பதால் இழைக்கும்போது அசைவதில்லை.

கருவிச் சுவருக்கு வைத்த ஹார்டுபோர்டு முதல் மழையிலேயே உப்பியது. இப்போது 45 பாகையில் அறுத்த பிளைவுட் பட்டிகள் சுவரில் கிடையாக ஓடுகின்றன. அதே சாய்வில் அறுத்த பின்பட்டி உள்ள தாங்கிகளை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம். சுவர்ப் பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். திருகாணிக்காகச் சுவரில் அடிக்கும் பிளக் பூச்சோடு நின்றால் பட்டி எடையோடு பெயர்ந்து வரும், செங்கல்லுக்குள் போக வேண்டும். மரத்தைத் தரையில் சாய்த்து வைக்கும் பழக்கம் கரையானுக்கு விருந்து. இரும்புத் தாங்கிகளில் ஓரடி உயரத்தில் அடுக்கப்படுகிறது. துருப்பிடிக்காமல் இருக்கக் கருவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவப்படுகிறது. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும்.

தீ

மரத்தூள் பறக்கும் இடத்தில் கிரைண்டரின் தீப்பொறி விழக் கூடாது. இரும்பு வேலை முழுவதும் ஷட்டருக்கு வெளியே போனது. தின்னரும் வார்னிஷும் ஷெட்டுக்கு வெளியே நிழலில், பூட்டிய தகரப் பெட்டியில். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயவிட்ட பிறகே எறிய வேண்டும். இரவில் கார் உள்ளே நிற்பதால், அன்றைய தூள் அன்றே அள்ளப்படுகிறது. காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியதும் எஞ்சின் உடனே அணைக்கப்படுகிறது. ஏ.பி.சி. தூள் தீயணைப்பான் மேசைக்குப் பக்கத்தில் இல்லை, வெளியேறும் வழியில் ஷட்டர் ஓரம் இருக்கிறது. தீப்பிடித்தால் தீயை நோக்கிப் போய் எடுக்கும்படி வைப்பதில் அர்த்தமில்லை.

பயனும் மீதியும்

செலவில் பாதிக்கு மேல் கூரைக்கும் மின்சாரத்துக்கும் போனது. அவை இரண்டும்தான் யார் கண்ணிலும் படாதவை. பார்க்க வருகிறவர்கள் சுவர்ப் பட்டிகளைத்தான் படமெடுக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் காலை வேலை நண்பகல் வரை தடையின்றி நடக்கிறது. கூரை வேலைக்குப் பிறகு மின்விசிறியும் உதவத் தொடங்கியது, காற்று சூடாக இருந்தாலும் தலைக்கு மேல் கதிர்வீச்சு இல்லாததால். புதிய வரிசை போட்ட பின் மேசை ரம்பம் கிளம்பும்போது பிரேக்கர் விழவில்லை. ஐப்பசி மழையில் ஷட்டரின் அடியில் நீர் புகுவதைத் தடுக்க வாசலில் ரப்பர் வரம்பு ஒட்டியிருந்தும், பெருமழையன்று கொஞ்சம் நுழைகிறது. வெளியே வடிகால் வெட்டுவது இன்னும் பாக்கி. பிற்பகல் வெயில் ஷட்டரில் அடிப்பதும் பாக்கிதான்.

அவர் செய்த முக்காலிகளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிலர் விலைக்குக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஷெட்டின் மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்து வருகிறது. வீட்டுக் கட்டணப் பிரிவில் உள்ள இணைப்பைக் கொண்டு விற்பனைக்கு உற்பத்தி செய்வது விதிப்படி செல்லாது, அதற்குரிய பிரிவில் தனி இணைப்பு வேண்டும். ஆகவே இப்போதைக்குக் கேட்பவர்களுக்கு மரத்தை அவர்களே வாங்கிவரச் சொல்லி, கூலி வாங்காமல் செய்துகொடுக்கிறார். தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதை மழைக்காலம் முடிந்து, வடிகால் வேலையை முடித்த பிறகு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.